உப்புக் கை

என் அத்தையை நினைத்துக்கொண்டால் எனக்கு இன்றைக்கும் தாகம் எடுக்கிறது. மற்றவர்களுக்கு அத்தை என்றால் மடியும் மஞ்சள் வாசனையும் ஞாபகம் வருமோ என்னவோ, எனக்கு வருவது வறண்ட நாக்குதான். அவள் கையால் ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த வேளைக்குள் தண்ணீர்ப் பானை காலியாகிவிடும். திருத்தணி மலையடிவாரத்தில் அவள் கடைக்குப் பக்கத்தில் கோலி சோடா விற்றவர் அவளுக்குத் தினமும் ஒரு சோடா சும்மாவே கொடுப்பார். "நீ எனக்கு எங்கம்மா மாதிரி," என்பார். அவர் ஏன் கொடுக்கிறார் என்று அவளைத் தவிர அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் நைனாவுக்கு அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்போம். பிறகு எனக்கு மாமியாரும் ஆனாள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. அத்தை மகனைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து 'பாவா' என்று கூப்பிட்டுப் பழகி, கழுத்தில் தாலி ஏறிய பிறகும் அதே 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே, மருமகள் ஒருத்தி மாமியாரைப் பற்றி வயிற்றெரிச்சலில் எதையோ சொல்கிறாள் என்று இதை யாரும் தள்ளிவிட வேண்டாம். வயிற்றெரிச்சல் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அவள் மூக்கும் என் மூக்கும் ஒன்று. கோபம் வந்தால் உதட்டை மடிக்கிற பழக்கமும் அவளிடமிருந்து எனக்கு வந்ததுதான்.

ஆள் குள்ளம். எலும்பு மட்டும் ஆண்பிள்ளை எலும்பு. மலைக்குப் படியேறுகிற இடத்தில் புங்க மரத்தடியில் கோணியை விரித்து, புளிச்சோறு, மொச்சைச் சுண்டல், மோர் விற்றாள். நெல்லூர், காளஹஸ்தி பக்கத்து ஜனங்களும் மதராஸிலிருந்து ரயிலில் வருகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கூவுவாள். சாமி கும்பிடப் போகிறவர்கள் சாப்பிடுகிற பண்டம் என்பதால் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள், எச்சிலாகிவிடும். கொதிக்கிற புளியின் ஆவியை மூக்கில் இழுத்தே உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். மூக்கு எப்போதும் ஒரே தீர்ப்புதான் சொல்லும். உப்புப் பானைக்குள் வலது கையை விட்டு இன்னொரு கை அள்ளிப் போடுவாள்.

அந்தக் கையை இன்னும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். வெயில் ஏற ஏற நகக்கண்ணில் உப்பு பூத்து வெள்ளையாக நிற்கும். அதே கையால் என் கன்னத்தைத் தடவுவாள், எரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியதும் நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து, நான் வைத்திருந்த கத்திரிக்காய்க் குழம்பின் மூடியைத் திறந்தாள். ஆவியை இழுத்தாள்.

"இன்னாடி இது, கொழம்பா, கழனித்தண்ணியா?"

"போட்டிருக்கேன் அத்த."

"போட்டிருக்கியாம். கோழி கொத்துனாப்ல போட்டிருக்க. ஒரு கை உப்பு போட்டா உங்கப்பன் சொத்து கொறஞ்சா போயிடும்?"

என் நைனா வாசலிலிருந்து சிரித்தார். அவள் தன் கையால் ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டு, "இப்ப வந்து துன்னுங்கடா," என்று எல்லோரையும் உட்கார வைத்தாள். பாவா இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். அன்றைக்கே சம்பந்தம் முடிந்தது. நான் அன்று ராத்திரி வரைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மனிதர்களை அவள் உப்பை வைத்துத்தான் எடை போட்டாள். "உப்பு கம்மியா துன்றவனுக்கு ரோசம் இருக்காது. அவன் பேச்ச நம்பாத," என்பாள். கடைக்காரன் யாராவது ஏமாற்றினால், "நீ உப்பு போட்டுத்தான் சோறு துன்றியா?" என்று நடுத்தெருவில் கேட்பாள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். மற்றவர்கள் வாய்ப்பேச்சுக்குக் கேட்பார்கள், அவள் பதில் எதிர்பார்த்துக் கேட்பாள். உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டாள், சண்டை வரும் என்று கிண்ணத்தைக் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வாள். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் எங்களுக்குள் சண்டை வந்ததே இந்த உப்பால்தான்.

அவளுக்கு வைத்தியமும் உப்புதான். பல் வலித்தால் உப்பு, தொண்டை கட்டினால் உப்பு, கண்ணேறு பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். அது படபடவென்று வெடித்தால், "பாத்தியா, எவ்ளோ கண்ணு பட்டிருக்குது!" என்பாள். ஆடிக் கிருத்திகைக்கு ஜனங்கள் காவடி எடுத்து, வெறுங்காலில் வெகு தூரம் நடந்து வருவார்கள். மலை ஏறி இறங்கும்போது முழங்கால் வீங்கி நொண்டுவார்கள். அத்தை வியாபாரத்தை விட்டுவிட்டு, இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழந்துணியில் மூட்டை கட்டி, முன்பின் தெரியாதவர்கள் காலுக்கெல்லாம் ஒத்தடம் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். எனக்கு ஒரு தடவை குறைப்பிரசவம் ஆகி இடுப்பு விட்டுப்போனபோது, பகல் முழுக்க உட்கார்ந்து அப்படி ஒத்தடம் கொடுத்தாள். அந்த இதம் இன்னும் இடுப்பில் இருக்கிறது. கெட்டவளாக மட்டும் இருந்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியையும் அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

இந்த உப்புப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. பாவா கைக்குழந்தையாக இருந்தபோதே மாமா போய்விட்டார். அத்தை அறுவடைக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனாள். வீட்டில் கேழ்வரகுக் கூழ் இருக்கும், தொட்டுக்கொள்ள எதுவும் இருக்காது. ஒரு கல் உப்பைக் குழந்தையின் நாக்கில் வைத்து, அது சப்புக்கொட்டும்போது கூழை ஊற்றிவிடுவாளாம். "பாலு குடுத்தா வளத்தேன்? நெய்யி குடுத்தா வளத்தேன்? உப்பு குடுத்து வளத்தேன்டி எம்புள்ளைய," என்று ஊரெல்லாம் சொல்லுவாள். அவளிடம் இருந்த ஒரே சீர் அதுதான். அதைத்தான் அவள் கடைசி வரைக்கும் கொடுத்தாள்.

பாவா ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினார். அம்மாவின் நாக்கு அப்படியே அவருக்கும் இருந்தது. சோற்றின் ஓரத்தில் தனியாக உப்பு வைக்க வேண்டும், கருவாடு வேண்டும், ஊறுகாய் வேண்டும். மாங்காய்க் காலத்தில் மடியில் உப்புப் பொட்டலத்தோடு வண்டி ஓட்டுவார். நல்ல மனுஷன். குதிரையைச் சாட்டையால் அடிக்க மாட்டார், கெஞ்சுவார். என்னிடமும் அப்படித்தான்.

யுத்தக் காலம் அது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். அந்தச் சமயத்தில்தான் பாவாவுக்குக் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்க ஆரம்பித்தது. சாயங்காலம் கால் இரண்டும் வீங்கும். செருப்பு ஏறாது. "வண்டில காலத் தொங்கப் போட்டுகினே கீறேன் இல்ல, அதான்," என்பார். அத்தை உடனே சட்டியை அடுப்பில் வைத்து உப்பை வறுத்தாள். ஒத்தடம் கொடுத்துக் கொடுத்துத் தோல் கருத்ததுதான் மிச்சம்.

கடைத்தெருவில் தனியாக வைத்தியம் பார்த்த ஒரு எல்.எம்.பி. டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். அவர் பாவாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார். பிறகு கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. 

"இவருக்கு இனிமே உப்பு ஒரு கல்லு கூட ஆகாது," என்றார் டாக்டர். "சோத்துல, கொழம்புல, மோருல, எதுலயும் கூடாது. ஊறுகா, கருவாடு, அப்பளம் பேச்சே எடுக்கக் கூடாது."

"உப்பு இல்லாம மனுசன் இன்னாத்த சாமி துன்றது?" என்றாள் அத்தை.

"ஆட்டுக்குக் குண்டிக்காய் பாத்திருப்பீங்களே? மனுஷனுக்கும் ரெண்டு இருக்கு. உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் அதுதான் வெளியே தள்ளுது. இவருக்கு அது ஓஞ்சு போச்சும்மா. ரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கு. நீங்க போடுற உப்பு உள்ளேயே நிக்கும். உப்பு நின்னா தண்ணியும் நிக்கும். இன்னைக்குக் கால்ல நிக்குது, நாளைக்கு நெஞ்சுல ஏறும். ஏறிச்சுன்னா என் கையில இல்ல."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டாள். தெருவுக்கு வந்ததும் காறித் துப்பினாள். "வெள்ளக்காரன் உப்புக்கு வரிதான் போட்டான். இவன் உப்பே வாணாங்கிறான். இன்னா நாயம் இது?"

நான் பயந்துவிட்டேன். பயம்தான் எனக்குப் புத்தி கொடுத்தது. அன்றைக்கே தனிப் பானை, தனி அகப்பை வைத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம், மிளகு, பூண்டு, சுட்ட வெங்காயம் என்று எதையெதையோ போட்டு அந்தச் சோற்றை இறங்க வைக்கப் பார்த்தேன். முதல் வாய் வைத்ததும் பாவாவின் முகம் கோணிக்கொண்டது.

"மண்ணத் துன்ற மாதிரி கீதுடி."

"நானும் அதத்தான் துன்றேன் பாவா. எனக்கும் மண்ணுதான். துன்னு."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த மண்ணைத் தின்றோம். அத்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மகன் தட்டில் கை வைத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். ஒரு நாள் போகாமல் நின்று என்னைப் பார்த்து வெடித்தாள்.

"செத்தவனுக்குப் படைக்கிற சோறுதான்டி உப்பில்லாம ஆக்கறது. எம்புள்ள உசுரோட கீறான். அவன் முன்னாடி பொணத்துச் சோத்த வெக்கிறியே, உன் கை ஒனக்குக் கூசல?"

"உசுரோட கீணும்னுதான் வெக்கிறேன் அத்த."

அவள் உதட்டை மடித்துக்கொண்டு போனாள். அவள் சொன்னது சாவு வீட்டுப் பழக்கம், பொய்யில்லை. எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை, ஏனென்றால் பலன் தெரிந்தது. கொஞ்சங் கொஞ்சமாக முகத்து உப்பல் வடிந்தது. பாவாவின் பழைய தாடை வெளியே வந்தது. ஒரு நாள் காலையில் செருப்பு சுலபமாக ஏறியது. அவர் குழந்தை மாதிரி வீட்டுக்குள்ளேயே செருப்போடு நடந்து காட்டினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் பட்ட சந்தோஷத்தை எல்லாம் கூட்டினாலும் அந்தக் காலை நேரத்துக்கு ஈடாகாது.

கால் சரியானதும் மறுபடி வண்டி கட்ட ஆரம்பித்தார். மத்தியானத்துக்கு நான் ஒரு தூக்குச் சட்டியில் உப்பில்லாச் சோறு கொடுத்துவிடுவேன். மலையடிவாரத்து மர நிழலில் குதிரையை அவிழ்த்துவிட்டுச் சாப்பிடுவார். அந்த நிழல் அத்தையின் கடை நிழல் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பெற்ற தாய் மகனைக் காப்பாற்ற மாட்டாளா என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷ ஆடிக் கிருத்திகைக்கு அத்தை நேர்த்திக்கடன் கழிக்க மலை ஏறினாள். மரு, கட்டி, சிரங்கு என்று எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். உப்பு கரைவது போல உடம்பில் இருப்பது கரைய வேண்டும் என்பது நம்பிக்கை. அவளும் மகன் வீக்கம் கரைய வேண்டும் என்று முன்பே வேண்டிக்கொண்டிருந்தபடி ஒரு முறம் நிறைய உப்பைத் தலையில் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏறினாள். கொட்டிய உப்பைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்தது. இவள் முழுவதையும் கொட்டவில்லை. ஒரு பங்கைத் தேங்காய் பழத் தட்டோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டு, விபூதியோடு மடியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அது எனக்கு அப்போது தெரியாது. நெற்றி நிறைய விபூதியோடு வந்தவளின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. "இனிமே எம்புள்ளைக்கு ஒண்ணும் வராது," என்றாள். நானும் மலை இருந்த திசை பார்த்துக் கும்பிட்டேன்.

பிறகு செருப்பு மறுபடி ஏறாமல் போயிற்று. காலையில் கண் திறக்க முடியாமல் இமை வீங்கியது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் என்னைத்தான் அதட்டினார். "நீ உப்புப் போடுறியா? உண்மையைச் சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "இல்ல சாமி. இந்தப் பொண்ணு ஒரு கல்லு போடல. பாவம், அதுவும் உப்பில்லாமதான் துன்னுகினு கீது. நான் சத்தியம் பண்றேன்." அவள் சத்தியத்தில் பொய் இல்லை. எனக்காகப் பரிந்து பேசினாளே என்று அன்றைக்கு நெகிழ்ந்துபோனேன். என் முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது!

ஒரு நாள் பாவா தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். உச்சி வெயிலில் அதை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தேன். குதிரை மரத்தடியில் நின்றது. பாவா கோணியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் மோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அத்தை சட்டென்று எழுந்து அவருக்கு முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். பாவா தலையைத் தூக்கவில்லை. நான் குனிந்து மோரில் விரலைவிட்டு நாக்கில் வைத்தேன்.

"இன்னா அத்த இது?"

"மோரு."

"உப்பு போட்டிருக்க."

"உப்பு இல்லடி அது. மலை மேல சாமி காலடில வெச்சி எடுத்தாந்தது. கடை உப்பையா குடுக்கறேன்? கடை உப்பு ஒரு கல்லு குடுத்திருந்தா என் கை அழுகிப் போவட்டும்."

"மலைக்குப் போய்ட்டு வந்தா உப்பு சக்கரையா ஆயிடுமா?"

"மருந்து ஆவும்டி. வெளிய ஒத்தடம் வெச்சா வீக்கத்த இழுக்குதே, உள்ள போனா இழுக்காதா? அதுவும் சாமி உப்பு."

நான் பாவாவைப் பார்த்தேன். "பாவா, எத்தினி நாளா?"

"அம்மா ஆசையா குடுத்துச்சி," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "பிரசாதம்னிச்சி. வாணாம்னு எப்டி சொல்றது?" சொல்லிவிட்டு உதட்டோரத்து மோரை நாக்கால் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் அதிகமாக வந்தது. கை அவளுடையது, நாக்கு அவருடையது, தாலி மட்டும்தான் என்னுடையது.

மஞ்சள் துணியால் வாய் கட்டிய ஒரு கலயம் மரத்தின் வேரோரமாக இருந்தது. அதைத் தூக்கி அப்படியே தரையில் கவிழ்த்தேன். காலால் மண்ணோடு தேய்த்தேன். படியேறப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு நெல்லூர்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சோடாக்காரர், "அய்யய்யோ, சாமி உப்பும்மா!" என்று ஓடி வந்தார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். மண்டி போட்டு, மண்ணிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மலையைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "முருகா, அது அறியாப் பொண்ணு. அது மேல கோவப்படாத. எதுனா இருந்தா எனக்குக் குடு."

ஐப்பசி மழையில் பாவா படுக்கையில் விழுந்தார். படுக்கை என்று சொல்வதே தப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் பையை மூடினார். பாவா கடைசியாகக் கேட்டது ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய். இனிமேல் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கை வரவில்லை. கொடுத்தால் அவரை நானே விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

சாவு வீட்டில் பேச்சு எப்படிப் போயிற்று என்று சொல்லவா? டாக்டர் சொன்னது யார் வாயிலும் வரவில்லை. "சாமி உப்பக் கால்ல மெதிச்சா. அது சும்மா வுடுமா? தாலியப் புடுங்கிகிச்சி," என்றார்கள். "சாவற மனுசன் ஒரு துண்டு ஊறுகா கேட்டுச்சாம், அதக் கூடக் குடுக்கலியாம்," என்றார்கள். என் காது கேட்கவே சொன்னார்கள். ஏற்கெனவே என் நைனாவும் போய்விட்டிருந்தார், எனக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

பேசியது அத்தைதான். மாரில் அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு எழுந்தாள். "எவளும் எந்தம்பி பொண்ண ஒண்ணும் சொல்லக் கூடாது. தெரியாமப் பண்ணிட்டா. நானே மன்னிச்சிட்டேன், உங்களுக்கின்னா?" என்று கத்தினாள்.

ஊரே அவளைப் பார்த்து உருகியது. மகனைப் பறிகொடுத்தும் மருமகளை விட்டுக்கொடுக்காத மகராசி! நான் மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொன்றவள் மன்னிக்கிறாள், காப்பாற்றப் பார்த்தவள் மன்னிப்பு வாங்கிக்கொள்கிறாள். அந்த மன்னிப்பைப் போல என்னைச் சுட்ட வார்த்தை வேறில்லை.

குதிரையும் வண்டியும் போயின. நான் எங்கே போவேன்? "என்னோடயே இருடி, வேற யாரு கீறாங்க நமக்கு?" என்றாள். இருந்தேன். ஒரு கூரையின் கீழ் இரண்டு விதவைகள். நான் மொச்சை ஊறப்போடுவேன், புளி கரைப்பேன், அவள் விற்பாள். உப்பு போடுகிற வேலையை மட்டும் என்னிடம் விடவில்லை. உப்பு வரியை எடுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்ட வருஷம் அவளுக்கு ஒரே குஷி, சுண்டலில் இன்னும் ஒரு கை கூடிற்று. சுதந்திரம் வந்ததும் ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். அவள் அதையும் இரண்டு கல் உப்போடுதான் தின்றாள்.

அதற்கு அடுத்த கோடையில் அவளுக்கும் வந்தது. முதலில் மண்டையிடி, பிறகு மூக்கிலிருந்து ரத்தம், பிறகு கால் வீக்கம். அதே டாக்டர், அதே பட்டை. அழுத்திய விரலை எடுத்ததும் அதே குழி. அவர் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமே," என்றார்.

எனக்குத் தெரியும். பரணிலிருந்து தனிப் பானையை இறக்கினேன். நடக்க முடியாமல் கிடந்ததால் அவளால் எங்கும் போய்த் திருட்டுத்தனமாகத் தின்ன முடியவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்தவள் துப்பினாள்.

"பழி வாங்கறியாடி?"

"ஆங், வாங்கறேன். துன்னு."

அழுதாள், கெஞ்சினாள், என் அப்பன் பாட்டன் எல்லோரையும் இழுத்துத் திட்டினாள். அவளுக்கும் அவர்கள்தானே தம்பியும் அப்பனும் என்று நான் சொன்னேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஒரு கல்லு உப்பு குடுங்கம்மா," என்று கை நீட்டினாள். நான் வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். அவள் மேல் இருந்த பாசத்தில் செய்தேனா, ஆத்திரத்தில் செய்தேனா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

வீக்கம் வடிந்தது. கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. பிடித்துக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் காலை வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், டாக்டர் செய்தது போலக் கட்டை விரலால் தன் காலை அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்தாள். குழி விழவில்லை. மறுபடி அழுத்தினாள். நான் அவளுக்குத் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தேன்.

"வத்திப் போச்சேடி," என்றாள்.

"ஆங்."

"மருந்துலயா?"

"மருந்து தீந்து எவ்ளோ நாளாச்சி. வெறும் சோறுதான்."

 மலைமேல் மணி அடித்தது. வழக்கமாகக் கையெடுத்துக் கும்பிடுகிறவள் அன்றைக்குக் கும்பிடவில்லை. வெகு நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவனுக்கும் வத்தியிருக்குமாடி?"

இந்தக் கேள்வியை அவள் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். கேட்டால் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. பொய் சொல்லியிருக்கலாம். 'அவன் விதி வேற அத்த' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பாள். எனக்கு மனசு வரவில்லை.

"வத்திச்சே அத்த. நீயே பாத்தியே. செருப்பு போட்டுகினு நடந்துச்சே. வத்தினப்புறம்தான் நீ குடுத்த."

அவள் அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு உப்பு போட்டுக் குடு."

நாக்கு ருசிக்காக அவள் கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மாட்டேன்."

"ஒரு கை போடு. ரெண்டு கை போடு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான்தான் கேட்டேன்னு சொல்றேன்."

"மாட்டேன் அத்த. நீ இருக்கணும்."

தட்டைத் திரும்ப அவள் முன்னால் நகர்த்தி, பிசைந்து, ஊட்டினேன். வாயைத் திறந்தாள். அதற்கப்புறம் அவள் வெகு காலம் இருந்தாள். ஒரு நாள் கூட உப்பு கேட்கவில்லை. கால் வீங்கவே இல்லை. மாமியாரைக் குழந்தை மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறாள், மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அதே தெரு என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.